பூனைக்குப் பந்தி ஆகாது

செல்லப்பிராணி கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். வீட்டில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது, யாரை எப்படிக் கவனிப்பது என்று. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. வழக்கம்போல முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. நான்கு பூனை, ஒரு நாய், இருபது வருஷத்துக் கீறல்கள், கொஞ்சம் படிப்பு, அவ்வளவுதான்.

வீட்டில் மூன்று பூனைகளும் ஒரு நாட்டு நாயும் இருக்கின்றன. ராத்திரி ஏழரைக்கு வேலையிலிருந்து வந்ததும் நாய் மேலே பாய்கிறது, சின்னப் பூனைகள் இரண்டும் காலைச் சுற்றுகின்றன. மூத்தவள் கறுப்பி மட்டும் பீரோ மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். முன்பெல்லாம் என் மடியில்தான் தூங்குவாள். கோபமா, பொறாமையா? எல்லோருக்கும் சமமாக அன்பைப் பங்கு போடுவது எப்படி?
– வாசகி, தாம்பரம்

சமமாகப் பங்கு போடுகிற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள், அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறோம். நாம் பந்தியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். வரிசையாக இலை போட்டு எல்லாருக்கும் ஒரே அளவு பாயசம் விட்டால் யாருக்கும் மனக்குறை வராது என்று நினைக்கிறோம். நாய்க்கு அது ஓரளவு ஒத்துவரும், பூனைக்குப் பந்தி ஆகாது. அதன் முன்னோரான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியாகப் பதுங்கி, தனியாகப் பிடித்து, தனியாகத் தின்ற பிராணி. சைப்ரஸ் தீவில் 9,500 வருஷத்துக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் கிடந்தது என்றால் நம்மோடு அதற்கு எவ்வளவு நாள் பழக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பழகியும் சாப்பாடு, தூக்கம், கொஞ்சல் மூன்றையும் இன்னும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளத்தான் அது விரும்புகிறது.

கறுப்பிக்குப் பொறாமை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நாய்க்கு அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லலாம். 2014-ல் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். சொந்தக்காரர் தன் நாயைக் கண்டுகொள்ளாமல் ஒரு பொம்மை நாயைக் கொஞ்ச வேண்டும். நிஜ நாய்கள் பல நடுவில் புகுந்து தள்ளின, சில பொம்மையைக் கடிக்கவே போயின. நாய் இப்படிப் போட்டிக்கு வரும், பூனை பெரும்பாலும் விலகிப் போகும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? உங்கள் வீட்டில் அழாத பிள்ளை பீரோ மேல் இருக்கிறாள். நீங்களும், அவளுக்கு இப்போது தனிமைதான் பிடிக்கிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டீர்கள். அப்படி நினைத்துக்கொள்வது நமக்கும் வசதிதான், வேலை குறைகிறது!

இன்னொன்று உங்கள் கை. ஏழரை மணிக்கு நாயைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏழே முக்காலுக்குக் கறுப்பியிடம் நீட்டுகிறீர்கள். பூனையின் கன்னத்திலும் நெற்றியிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. அது உங்கள் காலில் உரசுவதே, நீ நம்ம ஆள் என்று தன் வாசனையைப் பூசி வைக்கத்தான். அந்த ஆள் நாய் எச்சிலோடு வந்து நின்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? கையைக் கழுவுங்கள், நைட்டியை மாற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் போங்கள்.

போவது எப்போது என்பதுதான் முக்கியம். நாயை வீட்டில் யாராவது நடைக்குக் கூட்டிப்போகிற நேரம் சரியாக இருக்கும். ஆள் இல்லையென்றால் ஓர் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் போதும், ஆனால் தினமும் அதே பத்து நிமிஷம். ஒரு நாள் ஒரு மணி நேரம் கொஞ்சிவிட்டு மூன்று நாள் மறந்துபோவதைவிட இதுதான் பூனைக்குப் பிடிக்கும், நேரம் தெரிந்த பிராணி அது. அவளைக் கீழே இழுக்காதீர்கள், தூக்காதீர்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழைய பத்திரிகை எதையாவது படியுங்கள். கண் பட்டால் மெதுவாக இமையை மூடித் திறங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, 2020-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மெதுவாக இமைத்தவர்களைப் பார்த்துப் பூனைகளும் இமைத்தன, சும்மா முகத்தை வைத்துக்கொண்டு நின்றவர்களைவிட இமைத்தவர்களின் கையை நோக்கித்தான் அதிகம் வந்தன. சூரிச்சில் பல வருஷம் பூனைகளைப் படித்த டென்னிஸ் டர்னர் கண்டதும் இதோடு சேர்ந்ததுதான். பூனை தானாக வந்து ஆரம்பிக்கிற கொஞ்சல் நீண்ட நேரம் நீடிக்கிறது, நாம் போய் ஆரம்பித்தால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதனால் ஆரம்பத்தை அவளிடம் விடுங்கள். முதல் நாலைந்து நாள் ஒன்றும் நடக்காது. எங்கள் வீட்டு வெள்ளச்சி என்னைப் பதினோரு நாள் காக்க வைத்தாள், பன்னிரண்டாம் நாள் பத்திரிகை மேலேயே வந்து உட்கார்ந்தாள்.

பீரோ உச்சி அவளுடைய இடமாகவே இருக்கட்டும். மடித்த பழைய புடவை ஒன்றைப் போடுங்கள், ஏறி இறங்க ஒரு ஸ்டூல் வையுங்கள். அவளுக்குப் பத்து வயசுக்கு மேல் ஆகியிருந்தால் ஒருமுறை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். மூட்டுவலி இருக்கிற பூனை மடிக்கு வராமல் இருப்பதை நாம் மனஸ்தாபம் என்று எடுத்துக்கொள்வது நிறைய நடக்கிறது.

எங்கள் மீனாட்சிக்கு ஐந்து வயது. போன வாரம் தெருவில் கிடந்த குட்டி ஒன்றை மகள் தூக்கிவந்தாள். மீனாட்சி அதைப் பார்த்துச் சீறுகிறாள், என்னிடமும் வருவதில்லை. இரண்டையும் மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தால் பழகிவிடுமா?
– வாசகி, மதுரை

பழகாது. நானே செய்து கெட்டுப்போனதால் சொல்கிறேன். வெள்ளச்சி இருந்த வீட்டுக்குச் சின்னானைக் கொண்டுவந்த முதல் நாளே, அக்காவைப் பாருடா என்று மூக்குக்கு மூக்கு வைத்தேன். என் கையில் இரண்டு தையல், அவர்கள் இருவருக்கும் ஏழு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. பார்ப்பது கடைசியில்தான், முதலில் முகர வேண்டும்.

குட்டியை ஓர் அறையில் தனியாக வையுங்கள். தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு எல்லாம் அங்கேயே. தெருக்குட்டி என்பதால் இது எப்படியும் தேவைதான், தெள்ளுப்பூச்சி, குடல்புழு, தொற்று ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கிற வரைக்கும் ஒதுக்கித்தான் வைக்க வேண்டும். ஒரு பருத்தித் துணியால் குட்டியின் கன்னத்தைத் துடைத்து மீனாட்சி நடமாடுகிற இடத்தில் ஓரமாகப் போடுங்கள், அவள் கன்னத்தைத் துடைத்த துணியைக் குட்டியின் அறையில். துணியைப் பார்த்துச் சீறினால் சீறட்டும், துணிக்கு வலிக்காது. அது பழகியதும் மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு வையுங்கள், முதலில் தள்ளி, நாளாக நாளாகக் கொஞ்சம் கிட்டே. அப்புறம்தான் கதவை ஒரு விரற்கடை திறப்பது. இதற்குச் சில வாரம் ஆகும், சில வீட்டில் சில மாதம். அதுவரை மீனாட்சியின் பழைய வழக்கம் எதுவும் மாறக் கூடாது. காலையில் உங்களோடு காபி குடிக்க உட்காருவாள் என்றால் அந்தக் காபி நேரம் அவளுக்கு மட்டும். மகளிடம் சொல்லிவிடுங்கள், குட்டியைக் கொஞ்சுவது அறைக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு.

ஒருவேளை அவை கடைசிவரை ஒட்டி உறவாடாமலே போகலாம். ஒரே வீட்டில் முகம் திருப்பிக்கொண்டு ஆனால் அடித்துக்கொள்ளாமல் வாழ்கிற பூனைகள் நிறைய. நம் குடும்பங்களில் இல்லாததா?

தடவிக் கொடுக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, கர் கர் என்று சத்தம்கூட வருகிறது. திடீரென்று கையைக் கடிக்கிறது. நடிக்கிறதா?
– கல்லூரி மாணவர், திருச்சி

திடீரென்று இல்லை தம்பி, அதற்கு முன்பே மூன்று முறை சொல்லியிருக்கும். வால் நுனி துடிக்கும், காது பக்கவாட்டில் படியும், முதுகுத் தோல் சிலிர்க்கும், தலையைத் திருப்பி உன் கையைப் பார்க்கும். நீ செல்போனைப் பார்த்துக்கொண்டு தடவியிருப்பாய். கன்னம், தாடை, காதுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள இடம், இங்கேயே நின்றுகொள். வாலின் அடிப்பகுதிக்குப் போகாதே. 2015-ல் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பூனைகளை எட்டு இடத்தில் தடவிப் பார்த்தபோது மிகவும் வெறுத்தது அந்த இடத்தைத்தான். வயிற்றைக் காட்டிப் படுத்தால் உன்னை நம்புகிறது என்று அர்த்தம், தடவு என்று அர்த்தமில்லை. மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடு. தலையால் முட்டினால் தொடரலாம், சும்மா இருந்தால் முடிந்தது. நிறைய பூனை உள்ள வீடுகளில் இது இன்னும் அவசியம், ஒன்றைத் தடவும்போது இன்னொன்று அறைக்குள் வந்தாலே முதலாவதின் பொறுமை போய்விடும்.

சிப்பிப்பாறைக் குட்டி வாங்கியிருக்கிறோம், நாலு மாசம். வீட்டில் ஏற்கெனவே பூனை உண்டு. பார்த்தாலே துரத்துகிறது. அடித்துத் திருத்தலாமா?
– வாசகர், விருதுநகர்

அடிக்காதீர்கள். முயல் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜாதி. ஓடுகிற சின்னப் பிராணியைப் பார்த்தால் மூளை யோசிக்கும் முன் கால் கிளம்பிவிடும். அடித்தால், பூனை வந்தால் அடி விழும் என்றுதான் அது படிக்கும், பகை கூடும். மார்புப் பட்டை போட்டுக் கயிற்றில் பிடித்தபடி தூரத்தில் பூனையைப் பார்க்கவிட்டு, உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அவித்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள். நாலு மாசம் நல்ல வயசு, மனது வைத்தால் முடியும். ஆனாலும் இந்த ஜாதியை நம்பி ஆள் இல்லாத வீட்டில் இரண்டையும் ஒன்றாக விட்டுப் போகாதீர்கள், எவ்வளவு பழகினாலும் சரி.

பூனைக்கு நாய் எட்டாத சாலை ஒன்று வேண்டும். பரண், அலமாரி, ஜன்னல் திண்டு என்று தரையைத் தொடாமலே அறையைக் கடக்க முடிந்தால் பாதிப் பயம் போய்விடும். சாப்பாடும் மேலேதான். பூனைச் சாப்பாட்டில் நாய் வாய் வைக்கும். நாய்ச் சாப்பாட்டிலேயே பூனையை வளர்க்கவும் முடியாது, டாரின் என்ற சத்து பூனைக்கு உணவிலிருந்தே வர வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு உண்ணிக்காகக் கழுத்தில் சொட்டு மருந்து விடுவீர்கள். அட்டையில் பெர்மெத்ரின் என்று இருந்தால் அது பூனைக்கு விஷம். அதன் கல்லீரலுக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது, நடுக்கம், வலிப்பு, சாவு வரை போகும். பூனைக்கும் ரெண்டு சொட்டு என்று விட்டுவிடாதீர்கள். மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலும், அதை நக்கினாலும்கூட ஆபத்துதான். பூனை உள்ள வீடு என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி வேறு மருந்து கேளுங்கள். நம் காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமாலும் அப்படியே, பூனைக்கு ஒரு மாத்திரைகூட ஆகாது.

பூனைக்கு நன்றி கிடையாது, அது வீட்டைத்தான் நேசிக்கும், ஆளை நேசிக்காது என்கிறார் மாமியார். நாயை மட்டும் கொஞ்சுகிறார். என்ன பதில் சொல்வது?
– மருமகள், சேலம்

பதில் எதற்கு, அத்தை சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். உங்கள் திருப்திக்காக ஒன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூனைக்குட்டிகளை வளர்ப்பவரோடு ஓர் அறையில் இரண்டு நிமிஷம் விட்டு, அப்புறம் தனியாக இரண்டு நிமிஷம் விட்டு, அவர் திரும்பி வந்ததும் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். கைக்குழந்தைகளுக்குச் செய்கிற அதே மாதிரிச் சோதனை. சுமார் 64 சதவீதக் குட்டிகள் அவர் வந்ததும் நிம்மதியாகி மறுபடி விளையாடப் போயின. குழந்தைகளிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இது 2019-ல் வந்தது.

அதே வருஷம் ஜப்பானில் இன்னொன்று. வீட்டுப் பூனைகளுக்குத் தன் பெயருக்கும் கூட இருக்கிற பூனையின் பெயருக்கும் வித்தியாசம் தெரிகிறது. பூனைகளோடு உட்கார்ந்து காபி குடிக்கிற கடை, அதாவது பூனை கஃபே, அங்கே இருக்கிற பூனைகளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததாகக் காணோம். எவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் எல்லாருக்கும் ஏதோ கிடைக்கிற இடம் அது, தன் பெயரைப் பிரித்துப் பழக அவசியம் என்ன? அதனால் உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் சேர்த்து "செல்லம்" என்று கூப்பிடாமல் ஒவ்வொன்றையும் அதனதன் பெயரில் கூப்பிட்டு அதற்கு மட்டும் ஏதாவது கொடுங்கள். உப்பில்லாமல் அவித்த நெத்திலி ஒன்று போதும். அப்புறம் அத்தையைச் சும்மா விடுங்கள். தன்னைக் கண்டுகொள்ளாத ஆளின் மடியைத்தான் பூனை தேடிப் போகும், ஒரு நாள் மதியம் அவர் தூங்கி எழும்போது காலடியில் இருக்கும் பாருங்கள்.

இரண்டு ஆண் பூனைகள், கருத்தடை அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. நாய் வந்ததிலிருந்து ஒன்று சோபாவில் சிறுநீர் கழிக்கிறது. வேண்டுமென்றே பழிவாங்குகிறதா?
– வாசகர், கோயம்புத்தூர்

முதலில் ஒரு கேள்வி. அடிக்கடி குந்திக் குந்தி முக்குகிறதா, கத்துகிறதா, சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதா? ஆமாம் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே கிளம்புங்கள். ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும், காலையில் பார்க்கலாம் என்பது இதில் கிடையாது.

அப்படி இல்லையென்றாலும் ஒருமுறை சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு அப்புறம் வீட்டைப் பாருங்கள். மணல் தட்டு எத்தனை? இரண்டு பூனைக்கு மூன்று வேண்டும், அதுவும் மூன்றையும் பால்கனியில் வரிசையாக வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒன்றுதான். போகிற வழியில் நாய் படுத்திருக்கிறதா? இன்னொரு பூனை நடைவழியில் உட்கார்ந்து முறைக்கிறதா? பல வீடுகளில் இப்படி ஒரு சத்தமில்லாத மறியல் நடக்கும், பார்க்கிறவர்களுக்கு ஒரு பூனை அழகாக வாசலில் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும், உள்ளே இருப்பது மூத்திரத்தை அடக்கிக்கொண்டு தவிக்கும். பழி வாங்குகிற அளவுக்கெல்லாம் அது யோசிப்பதில்லை. உங்கள் வாசனை நிறைந்த, நாய் ஏறாத ஒரே இடம் சோபாவாக இருக்கலாம். திட்டாமல் துடையுங்கள். தட்டுகளைப் பிரித்து வையுங்கள். இந்தப் பூனைக்கு மட்டும் நாய் வராத அறையில் சாயங்காலம் ஒரு கயிற்று விளையாட்டு, கடைசியில் கயிற்றைப் பிடிக்க விட்டுவிட வேண்டும்.

பச்சைக்கிளி வாங்கலாம் என்றிருக்கிறேன். பூனை சும்மா இருக்குமா?
– வாசகர், நாகர்கோவில்

பூனை இருக்கட்டும், வனத்துறை சும்மா இருக்காது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். லவ் பேர்ட்ஸ் என்றாலும் வேண்டாம் என்பேன். கூண்டுக்கு வெளியே நாளெல்லாம் ஒரு பூனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பறவைக்கு என்ன மாதிரி வாழ்க்கை?

ஒன்பது வருஷம் ஒன்றாக இருந்த இரண்டில் ஒன்று போன மாதம் இறந்துவிட்டது. மற்றது வீடெல்லாம் தேடிக் கத்துகிறது, ராத்திரியில் அதிகம். துணைக்கு ஒரு குட்டி கொண்டுவரட்டுமா?
– வாசகி, புதுச்சேரி

இப்போது வேண்டாம் அம்மா. அது தேடுவது ஒரு பூனையை இல்லை, அந்தப் பூனையை. புதுக்குட்டியின் வாசனையும் ஆட்டமும் இந்த நேரத்தில் தொந்தரவாகத்தான் இருக்கும். சாப்பிடுகிறதா என்பதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பித்துவிடும், துக்கம்தானே என்று விட்டுவிடக் கூடாது. மீனை லேசாகச் சூடு பண்ணி வைத்தால் வாசனைக்கு வரும். வயசான பூனை ராத்திரியில் கத்துவதற்கு தைராய்டு, ரத்த அழுத்தம் என்று வேறு காரணங்களும் உண்டு, அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மற்றபடி எழுகிற நேரம், சாப்பாட்டு நேரம், விளக்கணைக்கிற நேரம் எதையும் மாற்றாதீர்கள். கத்தும்போது எழுந்துபோய்த் தூக்க வேண்டாம், படுத்தபடியே பெயரைச் சொல்லிப் பேசுங்கள். இறந்ததன் படுக்கைத் துணியைத் துவைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும். அது அதன் மேல் போய்ப் படுப்பதை நிறுத்திய பிறகு துவைத்துக்கொள்ளலாம்.